பிள்ளை நல்லாப் பழகீட்டுது

என்ர அம்மா ஊரில ஒரு முன்பள்ளியில படிப்பிக்கிறா. ஒவ்வொரு ஜனவரியும் முதல் கிழமை தலையிடியோடதான் வீட்டுக்கு வருவா. இருபது பிள்ளைகள், இருபதும் அழும். ஒண்டு படலையைப் பிடிச்சா விடாது. ஒண்டு அழுதழுது சத்தி எடுத்துப்போடும். ஒண்டு அம்மம்மாவின்ர சீலைத் தலைப்பை வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு நிக்கும். ரெண்டாம் கிழமை முடியேக்க அம்மா ஒரு வசனம் சொல்லுவா: "இனிப் பிரச்சினை இல்லை, பிள்ளை நல்லாப் பழகீட்டுது." அதைக் கேட்டாப் பிறகுதான் தாய்மாரும் நிம்மதியா வேலைக்குப் போவினம்.

போன செமஸ்டரில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இடப்பெயர்வுகள் பற்றி ஒரு ஒப்படை எழுத வேண்டியிருந்தது. பட்ச்சில் முக்கால்வாசிப் பேர் அகதிகள், எல்லைப் பிரிவினை என்று எடுத்தார்கள். நான் எடுத்தது கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளை. (உண்மையைச் சொன்னால் கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து வந்த ஆசையில் எடுத்த தலைப்பு.) ஆனால் வாசிக்க வாசிக்க அம்மாவின் அந்த வசனம்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது. வேறு நாடு, வேறு மொழி, வேறு ஆக்கள். வசனம் மட்டும் அதே. பிள்ளை பழகிவிட்டது என்று யார் சொல்கிறார்கள், எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? ஒப்படையில் இதற்கு இடம் இருக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

1954ஆம் ஆண்டின் கடைசியில், அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், ஹரி ஹோல்ட், பேர்த்தா ஹோல்ட் என்ற தம்பதி ஒரு படம் பார்க்கப் போனார்கள். கொரியப் போர் ஓய்ந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அமெரிக்கப் படையினருக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்து, இரண்டு பக்கமும் ஏற்காமல் அநாதை இல்லங்களில் கிடந்த பிள்ளைகளைப் பற்றிய படம் அது. ஹரி விவசாயம், மரம் அரிதல் என்று உழைத்து முன்னுக்கு வந்தவர், தீவிரமான கிறிஸ்தவர். வீட்டில் ஏற்கெனவே ஆறு பிள்ளைகள். இன்னும் எட்டுப் பேரை எடுப்பது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். அப்போதைய சட்டப்படி ஒரு குடும்பம் வெளிநாட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளைத்தான் தத்தெடுக்கலாம். எனவே 1955இல் அமெரிக்கக் காங்கிரஸ் இவர்களுக்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றியது. அந்த வருடம் ஒக்டோபர் 14ஆம் திகதி ஹரி பன்னிரண்டு பிள்ளைகளோடு போர்ட்லண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். நாலு பேர் வேறு குடும்பங்களுக்கு, எட்டுப் பேர் தன் வீட்டுக்கு. எல்லாருமே சின்னப் பிள்ளைகள், பள்ளிக்கூட வயதுகூட இல்லை. ஒரே நாளில் பதினாலு பிள்ளைகள் உள்ள வீடு! உடுப்புத் தோய்க்கிற அலுவலை மட்டும் யோசித்துப் பாருங்கோ.

அடுத்த நாள் பத்திரிகைகளில் எல்லாம் படம். எங்களுக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்று நாடு முழுவதிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. 1956இல் ஹோல்ட் தம்பதி இதையே ஒரு நிறுவனமாக்கினார்கள். விரும்புகிறவர் கொரியாவுக்குப் போக வேண்டியதுகூட இல்லை. அவருக்குப் பதிலாக இன்னொருவர் அங்கே கையெழுத்து வைப்பார், பிள்ளை விமானத்தில் வரும், பெற்றோர் விமான நிலையத்தில் வாங்கிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து விசாரித்து, குடும்பத்தைப் பார்த்துப் பிள்ளை கொடுக்க வேண்டும் என்று வாதாடிய சமூகப் பணியாளர்களுக்கு இது பெரிய எரிச்சல். ஹோல்டுக்கோ அவர்கள் போடுகிற நிபந்தனைகள் வீண் தாமதம்; விசுவாசமுள்ள கிறிஸ்தவக் குடும்பமா என்பதுதான் அவருக்கு முக்கியம். ஆளை வைத்துக் கையெழுத்திடும் இந்த முறையை அமெரிக்கா 1961இல் நிறுத்தியது. ஆனால் விமான நிலையத்தில் பிள்ளையைக் கைமாற்றுகிற வழக்கம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. தத்தெடுப்புகளுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று கொரியா சட்டம் கொண்டுவந்தது 2012இல்தான்.

போர் முடிந்து பிள்ளைகள் குறைந்திருக்க வேண்டும். நடந்தது மறுவளமாக. கலப்புப் பிள்ளைகளுக்குப் பிறகு ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள், அதற்குப் பிறகு கலியாணம் முடிக்காத பெண்களின் பிள்ளைகள் என்று வரிசை நீண்டது. உச்சம் 1980களின் நடுப்பகுதி. 1985இல் மட்டும் 8,000க்கு மேல். இன்றுவரைக்குமான மொத்தக் கணக்கு ஏறத்தாழ 2 லட்சம். கொரியாவில் அப்போது 'ஹோஜுக்' என்று ஒரு குடும்பப் பதிவு இருந்தது. தகப்பன் வழியில் ஓடுகிற பதிவு, தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைக்கு அதில் இடம் பிடிப்பது பெரும் பாடு. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக 'அநாதை ஹோஜுக்' என்று புதிதாக ஒன்றைத் திறப்பார்கள். அதில் அந்தப் பிள்ளை மட்டும்தான். முன்னுக்கும் ஆள் இல்லை, பின்னுக்கும் ஆள் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை தனக்குத் தானே குடும்பத் தலைவர். தாய் உயிரோடு பக்கத்துக் கிராமத்தில் இருந்தாலும் கடதாசியில் இல்லை.

இனி அந்த இரண்டு வயதுப் பிள்ளையின் முதல் இரவைப் பார்ப்போம். ஹோல்ட் வீட்டை அல்ல, இப்படிப் பிள்ளை எடுத்த ஆயிரக்கணக்கான வீடுகளில் ஏதோ ஒன்றை.

கொரிய வீட்டில் நிலத்துக்குக் கீழால் சூடு ஓடும். 'ஒந்தோல்' என்பார்கள். அந்தச் சூட்டு நிலத்தில் பாய் விரித்துத் தாயோ வளர்ப்புத் தாயோ பக்கத்தில் படுக்க, அவள் மூச்சுக்குள்தான் பிள்ளை நித்திரை கொள்ளும். பகலில் முதுகில். 'பொதேகி' என்ற துணியால் பிள்ளையை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் சமையல், சந்தை எல்லாம். முதுகில் ஏற வேண்டும் என்றால் பிள்ளை 'ஒபுபா' என்று கேட்கும். எங்கட ஆக்கள் 'உப்பு மூட்டை' என்கிற மாதிரி ஒரு மழலைச் சொல். கொரியப் பிள்ளைகள் வெள்ளனவே பழகுகிற சொற்களில் இதுவும் ஒன்று.

அமெரிக்க வீட்டில் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு அறை தயாராக இருக்கும். புதுப் பெயின்ற், புதுப் பொம்மை, நாலு பக்கமும் கம்பி வைத்த உயரக் கட்டில். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து விட்டுப் போய்விடுவார்கள். கொடுமையால் அல்ல. 1946இல் வந்த டொக்டர் பெஞ்சமின் ஸ்பொக்கின் குழந்தை வளர்ப்புப் புத்தகம் அந்தக் காலத்து வீடுகளில் வேதப் புத்தகம் மாதிரி இருந்தது. பிள்ளைக்குத் தனி அறை நல்லது, அழுதால் சில இரவுகளுக்கு அழவிட்டால் தானாகப் பழகும் என்ற ஆலோசனை அதில் உண்டு. அந்தத் தாய் தகப்பன் செய்தது அவர்களுக்குத் தெரிந்த நல்லதை. எங்கட வீடுகளில் இரண்டு வயதுப் பிள்ளையைத் தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தினால் அயலட்டை என்ன சொல்லும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கட்டிலுக்குள் நின்று பிள்ளை 'ஒபுபா, ஒபுபா' என்று கத்தியிருந்தால், அது ஒரு சொல் என்பதே அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தாயைக் கூப்பிட்டு அழுவதற்கும் அர்த்தமில்லாமல் கத்துவதற்கும் அங்கே வித்தியாசம் இல்லை.

சாப்பாடும் அப்படித்தான். சோறு, கிம்ச்சி, சூப் என்று பழகின வாய்க்குப் பாலும் சீஸும். பசி கண்ட பிள்ளைகள் சிலர் வயிறு வெடிக்கச் சாப்பிடுவார்கள், பாணைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைப்பார்கள். தத்தெடுத்த வீடுகளின் கதைகளில் எந்த நாட்டிலும், எந்தப் பத்தாண்டிலும் திரும்பத் திரும்ப வருகிற ஒரு விஷயம் இது.

கொஞ்ச நாள் போகும். பிள்ளை அழுவதை நிறுத்தும். ஆங்கிலத்தில் ஒரு சொல், இரண்டு சொல். ஆறு மாதத்தில் கொரியச் சொல் ஒன்றும் வாயில் வராது. வீடு நிம்மதிப் பெருமூச்சு விடும். பிள்ளை நல்லாப் பழகீட்டுது.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சுற்று. பிள்ளை ஹோல்ட் வீட்டுக்கு வருவதற்கு மூன்று வருடத்துக்கு முதலே, இங்கிலாந்தில் ஒருவர் இந்த வசனத்தைக் கமெராவில் பிடித்துப் பார்த்துவிட்டார். பெயர் ஜேம்ஸ் றொபேட்சன். லண்டன் டவிஸ்டொக் கிளினிக்கில் உளவியலாளர் ஜோன் போல்பியோடு வேலை செய்தவர். அந்தக் காலத்து ஆங்கிலேய ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகளைத் தாய் தகப்பன் வந்து பார்ப்பதற்குக் கடும் கட்டுப்பாடு. சில இடங்களில் கிழமைக்கு ஒருக்காத்தான் அனுமதி. வந்து பார்த்துவிட்டுப் போனால் பிள்ளை குழம்பும், வராமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் அமைதியாகிவிடும் என்பது தாதிமாரின் அனுபவம். றொபேட்சன் அந்த அமைதியைத்தான் சந்தேகப்பட்டார். லோறா என்ற இரண்டரை வயதுகூட நிரம்பாத பிள்ளை ஒரு சின்னச் சத்திரசிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததைக் கையில் பிடித்த கமெராவால் எடுத்தார். படம் 1952இல் வெளிவந்தது. லோறா கத்திக் குழறுகிற பிள்ளை இல்லை. பெரும்பாலும் பேசாமல் இருக்கிறாள், முகம் இறுகிப் போகிறது, அம்மா எங்கே என்று இடைக்கிடை கேட்கிறாள். கடைசி நாள் தன் சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போகும்போது அம்மாவின் கையைப் பிடிக்க மறுக்கிறாள்.

றொபேட்சன் சொன்னது இதுதான்: பிரிக்கப்பட்ட சின்னப் பிள்ளை முதலில் எதிர்த்து அழும், பிறகு நம்பிக்கை விட்டு ஒடுங்கும், அதற்குப் பிறகு ஒட்டாமல் விலகிவிடும். இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்த்துத்தான் பெரியாக்கள் பழகிவிட்டது என்கிறார்கள். லண்டனில் டொக்டர்மாருக்குப் படத்தைப் போட்டபோது அவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனால் 1959இல் அரசு வெளியிட்ட பிளட் அறிக்கை, பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோரைத் தாராளமாக விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. எட்டு நாள் பிரிவுக்கு இவ்வளவு யோசித்த அதே காலத்தில்தான், அதே வயதுப் பிள்ளைகள் விமானத்தில் ஏற்றப்பட்டு, மொழியும் நிலமும் மணமும் ஒரேயடியாக மாறுகிற பிரிவுக்குள் அனுப்பப்பட்டார்கள். அங்கே யாரும் கமெராவோடு நின்று இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கமெரா இல்லை என்று சொன்னது பிழை. வீட்டுக் கமெரா இருந்தது. டீஆன் போர்ஷே லீம் என்ற இயக்குநர் 2000ஆம் ஆண்டில் தன் கதையையே ஓர் ஆவணப்படமாக எடுத்தார். 1966இல் கொரியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்தவர். அவருடைய வளர்ப்புத் தகப்பன் விடாமல் வீட்டுப் படம் எடுக்கிற மனிதர். விமான நிலைய வரவேற்பு, புது உடுப்பு, பிறந்தநாள், சிரிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. அன்பான குடும்பம் என்பதில் சந்தேகமே இல்லை, டீஆனும் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் படங்களில் சிரிக்கிற பிள்ளைக்கு ஒரு இரகசியம் இருந்தது. குடும்பம் எதிர்பார்த்துக் காசு அனுப்பி வந்த பிள்ளையின் பெயர் சா ஜங் ஹீ. அந்தப் பிள்ளையைச் சொந்தத் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டதால், அநாதை இல்லம் இன்னொரு பிள்ளையை அதே பெயரில் அனுப்பிவிட்டது. வந்தவளின் உண்மைப் பெயர் காங் ஒக் ஜின். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலம் பழகியதும் வளர்ப்புத் தாயிடம் உண்மையைச் சொன்னாள். தாய் கடதாசிகளை எடுத்துக் காட்டினார்: இல்லை மகள், இதிலே நீ சா ஜங் ஹீ என்றுதானே இருக்கிறது. கடதாசி வென்றது. காலப்போக்கில் அந்தப் பிள்ளையே தன் நினைவை நம்பாமல் விட்டுவிட்டாள்.

டீஆன் வரும்போது எட்டு வயது. அதனால்தான் இவ்வளவையும் பின்னாளில் தோண்டி எடுக்க முடிந்தது. இரண்டு வயதில் வந்த பிள்ளைக்குச் சொல்ல வார்த்தையும் இல்லை, பிறகு எடுத்துப் பார்க்க நினைவும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் முதல் வருடத்தைப் பற்றி எங்களிடம் இருக்கிற சாட்சிகள் எல்லாம் பெரியாக்கள்: பெற்றோரின் கடிதம், நிறுவனத்தின் அறிக்கை, வீட்டுப் படம். வரலாறு படிக்கிற எனக்கு இது கரைச்சலான இடம். ஆவணம் நிறைய இருக்கிறது, எல்லாம் ஒரே பக்கத்து ஆவணம்.

ஒரு தடவை வெளியாட்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அது ருமேனியா. சௌசெஸ்கு ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. பிள்ளைத் தொகை கூட வேண்டும் என்பது திட்டம். வளர்க்க வழியில்லாத பிள்ளைகள் அரச விடுதிகளில் நிரம்பின. 1989 டிசம்பரில் ஆட்சி விழுந்ததும் அந்த விடுதிகளின் படங்கள் உலகத் தொலைக்காட்சிகளில் வந்தன, மேற்கிலிருந்து தம்பதிகள் ஓடினார்கள். இங்கிலாந்துக்கு வந்த பிள்ளைகளில் 165 பேரை மைக்கல் றட்டர் என்ற மனநல மருத்துவரின் குழு தெரிவுசெய்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு முன் விடுதியை விட்டு வந்த பிள்ளைகள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் பிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் விடுதியில் கிடந்த பலருக்குச் சிக்கல்கள் நீடித்தன.

அந்த ஆய்வில் எனக்கு மனதில் நின்றது எண்கள் அல்ல. சில பிள்ளைகள் முன்பின் தெரியாத ஆளோடும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார்கள், திரும்பித் தாயைப் பார்க்கவும் மாட்டார்கள். முதல் முதல் பார்க்கிற எவருக்கும் இது நல்ல குணமாகத்தான் தெரியும்: என்ன அருமையான பிள்ளை, ஆரோடையும் ஒட்டும்! எவரோடும் ஒட்டுகிற பிள்ளைக்கு யாரும் இன்னும் தனியாளாக ஆகவில்லை என்று விளங்கக் காலம் எடுத்தது. அழாத பிள்ளையும் அப்படி. விடுதியில் அழுதால் வருவதற்கு ஆள் இல்லை, ஆகவே அழுகை நின்றுவிடும். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்து இரவில் அழத் தொடங்கினால், கூப்பிட்டால் ஆள் வரும் என்று அது நம்பத் தொடங்கியிருக்கிறது என்று எடுக்க வேண்டும். இந்தத் தலைகீழ் கணக்கைப் பெற்றோர் படிக்க வேண்டியிருந்தது.

இதிலிருந்துதான் இப்போது தத்தெடுக்கிற குடும்பங்களுக்குச் சொல்லப்படுகிற பல விஷயங்கள் வந்தன. முதல் சில கிழமை வேலைக்குப் போகாமல் வீட்டில் இரு. சாப்பாடு தீத்துறதும் தூக்குறதும் தாயும் தகப்பனும் மட்டும்தான். பிள்ளையோடு வந்த பழைய போர்வையைத் தோய்க்காதே, அதில் பழைய வீட்டின் மணம் இருக்கும். ஒரே அறையில் படு. பிள்ளையின் மொழியில் பசி, தண்ணி, நித்திரை, தூக்கு என்று கொஞ்சச் சொல்லாவது பாடமாக்கு. சொந்தக்காரரைக் கொஞ்ச நாளுக்கு வாசலோடு நிறுத்து. (கடைசி ஆலோசனை எங்கட ஊரில் சரிவராது. பெரியம்மா படலையிலேயே சண்டை பிடிப்பா.) ஒந்தோல் நிலத்தில் பிள்ளைக்கு இருந்ததெல்லாம் அறுபது வருடம் கழித்து நிபுணரின் ஆலோசனையாகத் திரும்பி வந்திருக்கிறது என்பதை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது ஹொஸ்டல் அறையில் தனியாகச் சிரித்தேன்.

மொழி விஷயத்தில் இன்னும் ஒரு திருப்பம் உண்டு. 2003இல் பிரான்சில் ஒரு ஆய்வு வெளிவந்தது. மூன்று முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து வந்து, இப்போது பெரியவர்களாகிவிட்ட எட்டுப் பேருக்குக் கொரிய மொழி வசனங்களைக் கேட்கவிட்டு மூளையைப் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. கொரிய மொழியே அறியாத பிரெஞ்சுக்காரரின் மூளைக்கும் இவர்களின் மூளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதல் மொழி துடைத்தெறியப்பட்ட மாதிரி. ஆனால் 2017இல் நெதர்லாந்தில் வேறு மாதிரிச் செய்து பார்த்தார்கள். அங்கே வளர்ந்த கொரியத் தத்துப்பிள்ளைகளையும் டச்சுக்காரரையும் சேர்த்து, கொரிய மொழியில் மூன்று விதமாக ஒலிக்கிற சில மெய்யெழுத்துக்களைப் படிப்பித்தார்கள். வெளிநாட்டாருக்கு எங்கட ல, ள, ழ எப்படியோ அப்படி அந்த மூன்றும். இரண்டு கிழமைப் பயிற்சிக்குப் பிறகு தத்துப்பிள்ளைகளின் உச்சரிப்புத்தான் மேல். பேசத் தொடங்க முதல், ஆறு மாதத்துக்கும் குறைந்த வயதில் வந்தவர்களும் அதே அளவுக்கு நன்றாகச் செய்தார்கள். மறந்துவிட்டது என்று வீடு நினைத்தது எங்கேயோ கீழே கிடந்திருக்கிறது, திரும்பப் படிக்கும்போதுதான் தலை காட்டுகிறது.

நெதர்லாந்து என்றதும் எங்கட நாட்டுக்கு வர வேண்டும். இந்தக் கதை எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. 1970களிலிருந்து 90கள் வரை இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். சுமார் 4,000 பேர் நெதர்லாந்துக்கு, கிட்டத்தட்ட 900 பேர் சுவிஸுக்கு. அநேகம் கைக்குழந்தைகள். 'குழந்தைப் பண்ணைகள்' பிடிபட்ட பிறகு 1987இல் வெளிநாட்டுத் தத்துக்குத் தற்காலிகத் தடை வந்தது. 2017இல் டச்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான செம்ப்ளா இதைக் கிளறியது, அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன முறைகேடுகள் நடந்ததை ஏற்றுக்கொண்டார். 2021 பெப்ரவரியில் டச்சு அரசின் விசாரணைக் குழு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளை ஆராய்ந்து, பெரிய அளவில் பிழைகள் நடந்ததாக அறிக்கை கொடுத்தது. அதே நாளில் அங்கே வெளிநாட்டுத் தத்தெடுப்பு நிறுத்திவைக்கப்பட்டது. எங்கட பக்கத்தில், பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்கான ஹேக் உடன்படிக்கை 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது அதில் இருந்த முதல் மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொரியாவில் அது நடைமுறைக்கு வர 2025 ஆனது.

இலங்கைக் கோப்புகளில் வெளிவந்த ஒரு பழக்கம், வீட்டுக்குள் பழகுகிற கதையையே புரட்டிப் போடுகிறது. நீதிமன்றத்தில் தாய் என்று வந்து நின்று பிள்ளையைக் கொடுத்த பெண்களில் சிலர் தாயே இல்லை. காசுக்கு நடிக்க வந்தவர்கள். டச்சுத் தம்பதி அந்தப் பெண்ணோடு சேர்ந்து நின்று எடுத்த படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பார்கள், இதுதான் உன்னைப் பெற்ற அம்மா என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்திருப்பார்கள். அந்த வீடு பிள்ளையின் பழைய வாழ்க்கையை மறைக்கவில்லை. இலங்கைச் சாப்பாடு சமைத்து, இலங்கைக்குக் கூட்டிவந்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கலாம். இருபத்தைந்து, முப்பது வயதில் பிள்ளை அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து மரபணுச் சோதனை செய்தால் பொருந்தாது. அன்றைக்கு மறுபடி பழக வேண்டியது பிள்ளை மட்டுமல்ல. எழுபது வயதுத் தாயும் தகப்பனும், தாங்கள் நல்லது என்று செய்த ஒன்றுக்குள் என்ன இருந்தது என்று சுவரில் மாட்டிய படத்தின் முன்னால் நின்று யோசிக்க வேண்டும். முதல் ஆறு மாதத்து அறிக்கையில் இதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

2025 மார்ச்சில் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடந்த உரிமை மீறல்களுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தது. முறையிட்டவர்கள் 367 பேர். எல்லாரும் வளர்ந்த மனிதர்கள், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எப்போதோ 'நல்லாப் பழகீட்டுது' என்று கோப்பு மூடப்பட்ட பிள்ளைகள். அவர்களில் பலர் தங்கள் வளர்ப்புப் பெற்றோரை நேசிப்பவர்கள். அந்த நேசமும் இந்த முறைப்பாடும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பது எனக்கு ஆரம்பத்தில் விளங்கவே இல்லை. யாரோ ஒருவர் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

அது விளங்கியது டீஆனின் படத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தபோது. பெரியவளானதும் அவர் அந்த அநாதை இல்லத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். பதில் வந்தது அவருடைய சொந்த அண்ணனிடமிருந்து. தாய் உயிரோடு இருக்கிறார், சகோதரர்கள் இருக்கிறார்கள். பிறகு ஒருநாள் வளர்ப்புத் தாயையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு கொரியாவுக்குப் போகிறார். ஒரு வீட்டில், இரண்டு குடும்பமும் எதிரெதிரே இருக்கிறது. பெற்ற தாய் பேசுகிறார், வளர்த்த தாய் பேசுகிறார், டீஆன் நடுவில் இருக்கிறார். எட்டு வயது வரை அவர் கொரிய மொழியில்தான் கதைத்தார், விளையாடினார், சண்டை பிடித்தார். தன் தாய் தன்னிடம் என்ன சொல்கிறார் என்று அறிய, பக்கத்தில் இருக்கிற மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் வரை அவரும் காத்துக்கொண்டு இருக்கிறார்.